பழைய லேத்துக்கு வயது பார்ப்பது எப்படி? தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மணிமங்கலத்திலேயே சொந்தப் பட்டறை போடப் போகிறாய் என்று கேட்டதில் எனக்குச் சந்தோஷம். சுற்றிலும் சிஎன்சி மெஷின்கள் ஓடுகிற ஊரில் பழைய லேத் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவர்களிடம் வாதாடாதே. ஒற்றை புஷ், ஒற்றை ஷாஃப்ட், உடைந்த பின் ஒன்றுக்கு மாற்று என்று அவசரமாக ஓடி வருகிறவர்களுக்கு சிஎன்சி கம்பெனி கதவு திறக்காது. அந்த வேலை முழுக்க உன்னுடையது. அதற்கு நல்ல பழைய லேத் ஒன்று போதும்.

ஆனால் "அறுபது வருஷத்து இங்கிலாந்து மெஷின்" என்று புரோக்கர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. வயதும் ஊரும் வெறும் பெருமைக்கான விஷயம் இல்லை. லீட் ஸ்க்ரூ இஞ்சா மில்லிமீட்டரா, சக்கை எப்படி மாட்டுவது, பேரிங் எந்த வகை, உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மெஷினை யார் செய்தார்கள், எந்தக் காலத்தில் செய்தார்கள் என்று நீயே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பெரிய படிப்பு வேண்டாம். மண்ணெண்ணெய், வேஸ்ட் துணி, சாக்பீஸ், டார்ச், வெர்னியர், த்ரெட் பிட்ச் கேஜ், போன். இவ்வளவும் பையில் இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். லேத்தில் மாறுகிற பாகம் உண்டு, மாறாத பாகம் உண்டு. மோட்டார், சக், டூல் போஸ்ட், பெயின்ட், சில சமயம் டெயில்ஸ்டாக்கூட மாறியிருக்கும். பெட் மாறாது. அதனால் வயதை பெட்டிடம் கேள், மற்ற பாகங்களைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்.

நம்பர் எங்கே இருக்கும்?

முதலில் டெயில்ஸ்டாக் பக்கத்துக் கடைசி முனைக்குப் போ. டெயில்ஸ்டாக்கைத் தள்ளிவிட்டு, கைடு வேயின் மேல்பக்கத்தை மண்ணெண்ணெயால் துடை. அமெரிக்காவின் சவுத் பெண்ட் லேத்தில் சீரியல் நம்பரைக் குத்தும் இடம் அதுதான். இங்கிலாந்தின் கோல்செஸ்டரும் முன்பக்கத்து வேயில் அதே முனையில்தான் குத்துவார்கள். மற்ற கம்பெனி மெஷினிலும் முதலில் அங்கேயே தேடு. பழைய கிரீஸ் கெட்டியாகி நம்பரை மூடியிருக்கும். எமரி பேப்பர் போடாதே, கிரைண்டர் பக்கமே போகாதே. வேயைக் கெடுப்பதோடு, லேசாகக் குத்திய நம்பரையும் அழித்துவிடுவாய். துடைத்துவிட்டு சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி. எழுத்து தானாக எழும்பி வரும். அப்படியே படம் எடு.

அடுத்து, ஹெட்ஸ்டாக்கிலும் டெயில்ஸ்டாக்கின் அடிப்பகுதியிலும் அதே நம்பரோ அதன் கடைசி எண்களோ இருக்கிறதா என்று பார். ஒன்றுக்கொன்று ஒத்து வந்தால் மெஷின் பிறந்தபடியே இருக்கிறது என்று நம்பலாம். ஒத்து வராவிட்டால் இரண்டு மூன்று லேத்தை வைத்து ஜோடித்திருக்கலாம். ஜோடித்த லேத் ஓடாது என்று சொல்லவில்லை, விலை மட்டும் வேறு.

வார்ப்பிலேயே வந்த எழுத்து தனிச் சாட்சி. பெட்டின் முன்முகத்திலோ ஹெட்ஸ்டாக் மூடியிலோ கம்பெனிப் பெயர் புடைத்து நிற்கும். திருகி மாட்டிய தகட்டை எவரும் கழற்றலாம், வேறொன்றை மாட்டலாம். வார்த்த எழுத்தை மாற்ற முடியாது, தேய்த்து அழிக்கத்தான் முடியும். அழித்த இடம் மட்டும் மழமழவென்று இருக்கும், கையால் தடவினாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, த்ரெட் சார்ட் தகடு. கியர் பாக்ஸ் மேல் "இந்த லீவர் இங்கே, இந்த பிட்ச்" என்று இருக்குமே, அது. விற்கிறவர்கள் பேர்த்தகட்டை எடுத்துவிட்டாலும் இதைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் மறை வெட்டுவது கஷ்டம். அதன் மூலையில் பல சமயம் கம்பெனிப் பெயரோ மாடல் பெயரோ இருக்கும்.

தகட்டில் இருக்கும் முகவரியைப் படி

நம் நாட்டு லேத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தகட்டில் வருஷம் போட்டிருக்காது, ஆனால் ஊர், மாநிலம், கம்பெனியின் முழுப்பெயர் எல்லாம் போட்டிருக்கும். அவை மாறிய தேதி நமக்குத் தெரியும்.

மைசூர் கிர்லோஸ்கர் கம்பெனி 1941-ல் ஹரிஹரில் தொடங்கியது. அதன் தகட்டில் "மைசூர் ஸ்டேட்" என்று இருந்தால், பெரும்பாலும் 1973 நவம்பர் 1-க்கு முந்தைய தகடு. அன்றுதான் மாநிலத்துக்கு கர்நாடகா என்று பெயர் மாறியது. நம் பக்கத்து மெஷினில் "மெட்ராஸ் ஸ்டேட்" என்று இருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முன், "தமிழ்நாடு" என்றால் அதற்குப் பின். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான், அன்றுதான் பின்கோடு வந்தது. அதற்கு முன் "மெட்ராஸ்-58", "மெட்ராஸ்-32" என்றுதான் எழுதினார்கள். இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு 600058, கிண்டி எஸ்டேட்டுக்கு 600032 என்று வருகிறதே, அந்தக் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் அவை. "சென்னை" என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிறகு.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். பின்கோடு இருந்தால் அது சாட்சி. இல்லாவிட்டால் எதையும் சொல்ல முடியாது, ஏனென்றால் 1972-க்குப் பிறகும் பழைய அச்சிலேயே தகடு அடித்தவர்கள் உண்டு. புதிதாக வந்தது இருக்கிறதா என்று பார், பழையது இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே.

எச்எம்டிக்குக் கம்பெனிப் பெயரே வழிகாட்டி. 1953-ல் பெங்களூரில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகன் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கினார்கள், முதல் லேத் எச்-22. தகட்டில் "ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் லிமிடெட்" என்று முழுப்பெயர் இருந்தால் 1978-க்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம், அந்த வருஷம்தான் "எச்எம்டி லிமிடெட்" ஆனது. "எச்எம்டி மெஷின் டூல்ஸ் லிமிடெட்" என்று இருந்தால் 2000 வாக்கில் தனிக் கம்பெனியாகப் பிரித்த பிறகு வந்தது. களமசேரி என்று ஊர் போட்டிருந்தால் 1960களுக்கு முன் இருக்க வழியே இல்லை, அந்த ஆலையே அப்போதுதான் வந்தது. ஒரே தகட்டில் இத்தனை இருக்கிறது.

நம் மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளுக்குக் காலம் கணித்ததில் இதே முறைக்கும் பங்கு உண்டு. அந்தச் சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் அரசன் பெயரும், அவன் வென்ற நாடுகளின் பட்டியலும், ஆட்சியாண்டும் இருக்கும். அந்தப் பட்டியல் வருகிற மெய்க்கீர்த்தியில் எந்த வெற்றி புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து முன்பின் சொன்னார்கள். கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் அவற்றை 1899-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். நம் ஊர்ப் பிள்ளை நீ, லேத் தகட்டையும் அதே கண்ணோடு படி.

கோயம்புத்தூர் பிஎஸ்ஜி லேத்தை மறந்துவிடாதே. பிஎஸ்ஜி தொழிற்கூடம் 1926-ல் தொடங்கியது. அவர்களுடைய ஏ-141 ஆல் கியர்டு லேத்தைத் தமிழ்நாட்டில் பல பாலிடெக்னிக், ஐடிஐ பட்டறைகளில் பார்க்கலாம். கல்லூரி ஏலத்தில் வருகிற மெஷின் என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை உண்டு. மாணவர்கள் தட்டி முட்டியிருப்பார்கள், ஆனால் மூன்று ஷிப்ட் ஓடியிருக்காது. பெட் தேய்மானம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டு மெஷினிலும் நாட்டின் பெயர் பேசும். "யுஎஸ்எஸ்ஆர்" என்றால் 1991-க்குள், "செக்கோஸ்லோவாக்கியா" என்றால் 1992 முடிவதற்குள். "விஇபி" என்ற எழுத்தோ "ஜிடிஆர்" என்றோ இருந்தால் கிழக்கு ஜெர்மனி, பெரும்பாலும் 1949-க்கும் 1990-க்கும் இடையில். "வார் ஃபினிஷ்" என்று சின்னத் தகடு ஒன்று ஒட்டியிருந்தால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெஷின். அவசரத்தில் பெயின்டும் பாலிஷும் குறைத்து அனுப்பினார்கள் என்பதற்கான அறிவிப்பு அது, வேலைத் தரம் குறைவு என்று அர்த்தம் இல்லை. மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி குத்தியிருந்தால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தாக இருந்தது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. பெரிய எழுத்தில் பளபளக்கும் தகடு விற்ற கம்பெனியின் தகடாக இருக்கலாம். ஆல்ஃபிரட் ஹெர்பர்ட், பாட்லிபாய் போன்றவர்கள் மெஷின் செய்தார்கள், மற்றவர்கள் செய்ததை வாங்கியும் விற்றார்கள். தகட்டில் இவர்கள் பெயர் இருந்தால் உடனே "இது ஹெர்பர்ட் லேத்" என்று சொல்லிவிடாதே. வார்ப்பில் வேறு பெயர் இருக்கிறதா என்று தேடு. பாட்டாலா, லூதியானா, ராஜ்கோட் பட்டறைகள் வெளிநாட்டு மாடலைப் பார்த்துச் செய்த லேத்துகளும் ஏராளம். அவற்றைத் தாழ்வாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. இந்த நாட்டில் எத்தனையோ ஊர்களில் டிராக்டரும் பம்பு செட்டும் ஓடியது அந்த லேத்துகளால்தான். ஆனால் ராஜ்கோட் லேத்தை இங்கிலாந்து விலைக்கு வாங்காதே.

உடம்பைப் பார்த்துச் சொல்வது

தகடே இல்லாத மெஷின் என்றால் அமைப்பைப் பார். ஹெட்ஸ்டாக்கில் படிப்படியாக மூன்று நான்கு அடுக்கு கோன் புல்லியும் அகலமான தட்டை பெல்ட்டும் இருந்தால், மேலே கூரையில் ஓடும் ஷாஃப்ட்டிலிருந்து இழுவை எடுத்த காலத்து வடிவம். தனி மோட்டார் பின்னால் சேர்த்தது. வி-பெல்ட் 1930களுக்குப் பிறகு பரவியது. லீவர் போட்டால் வேகம் மாறும் ஆல் கியர்டு ஹெட்ஸ்டாக் பெரிய கம்பெனிகளில் முன்பே உண்டு, நம் சின்னப் பட்டறைகளுக்குச் சுதந்திரத்துக்குப் பிறகுதான் சாதாரணமாக வந்தது. நம் நாட்டில் கோன் புல்லி லேத்தைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தார்கள், அதனால் இதை மட்டும் வைத்து வயது சொல்லக்கூடாது.

வேகத் தகட்டையும் பார். உச்ச வேகம் நானூறு ஐந்நூறு சுற்றோடு நின்றால், எச்எஸ்எஸ் டூலுக்காகவும் ப்ளெயின் பேரிங்குக்காகவும் யோசித்த மெஷின். ஹெட்ஸ்டாக் மேல் எண்ணெய்க் கிண்ணமும், இரண்டாகப் பிரியும் பேரிங் மூடியும் இருந்தால் அதே கதை. ஜெர்மனியின் க்ரூப் கம்பெனி 1920களின் கடைசியில் விடியா என்ற கார்பைடு டூலைக் கொண்டுவந்த பிறகு லேத்துக்கு இன்னும் அதிக வேகமும் விறைப்பும் தேவைப்பட்டன. ஆயிரத்து இருநூறுக்கு மேல் ஓடும், எண்ணெய் மட்டம் பார்க்கக் கண்ணாடி வைத்த ஹெட்ஸ்டாக் என்றால் உள்ளே பெரும்பாலும் ரோலர் பேரிங் இருக்கும்.

ஸ்பிண்டில் மூக்கை விடாதே, சக்கைக் கழற்றச் சொல்லிப் பார். மறை திருகிய மூக்கு பழைய முறை. நீளமான டேப்பர், சாவி, பெரிய வளைய நட்டு இருந்தால் அமெரிக்க எல் வகை. ஸ்பிண்டில் மூக்கின் பக்கவாட்டில் சதுரச் சாவி போட்டுத் திருப்பும் ஓட்டைகள் இருந்தால் கேம்லாக், டி1 வகை. டி1-4 என்றால் மூன்று பின், டி1-6 என்றால் ஆறு பின். கேம்லாக் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போர் காலத்திலும் அதற்குப் பிறகும்தான். திருகு மூக்கு லேத்தை வாங்கினால் ஒன்றை மறக்கவே மறக்காதே. ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓட்டி வெட்டினாலோ திடீரென்று நிறுத்தினாலோ சக் கழன்று வெளியே வரும். முழுக்கை சட்டையோடும் தொங்கும் துண்டோடும் அதன் முன் நிற்காதே. பெல்ட்டுக்கும் கியருக்கும் மூடி இல்லாமல் ஒருநாளும் ஓட்டாதே. வாங்கிய முதல் வாரமே தகரத்தில் மூடி அடித்துவிடு.

லீட் ஸ்க்ரூ சோதனை சுலபம். வெர்னியரை வைத்து பன்னிரண்டு மறை தூரத்தை அள. 76.2 மில்லிமீட்டர் வந்தால் ஓர் இஞ்சுக்கு நான்கு மறை, அதாவது நான்கு டிபிஐ. 72 வந்தால் 6 மில்லிமீட்டர் பிட்ச். இந்தியா மெட்ரிக் முறைக்கு 1956-ல் சட்டம் போட்டு 1958 முதல் படிப்படியாக மாறியது. ஆகவே நம் நாட்டு லேத்தில் மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூ இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு. ஆனால் இஞ்ச் லீட் ஸ்க்ரூ இருந்தால் பழையது என்று சொல்லிவிட முடியாது, நம் ஊர் லேத்துகளில் நான்கு டிபிஐ ரொம்ப காலம் தொடர்ந்தது. இஞ்ச் லேத்தை வாங்கினால் 127 பல் கியர் சேர்ந்து வருகிறதா என்று கேள். ஐந்து இஞ்ச் 127 மில்லிமீட்டர், அதனால்தான் அந்தக் கியர் இருந்தால் சரியான மெட்ரிக் மறை வெட்ட முடியும். ஒரகடம் பக்கத்து வேலை அத்தனையும் மெட்ரிக். அந்த ஒரு கியர் இல்லாவிட்டால் விலையில் குறை.

கவர் போல்ட்டை அளந்து ஏமாறாதே, அதைப் பத்துப் பேர் மாற்றியிருப்பார்கள். ஹெட்ஸ்டாக்கை பெட்டோடு பிடிக்கும் போல்ட், ஏப்ரானை சாடிலோடு பிடிக்கும் போல்ட், இவற்றில் பிட்ச் கேஜ் வை. விட்வொர்த் மறை 55 டிகிரி, மெட்ரிக் 60. மறைவான போல்ட் விட்வொர்த் என்றால் இங்கிலாந்து மெஷின், அல்லது இங்கிலாந்து வரைபடத்தைப் பின்பற்றிச் செய்த பழைய இந்திய மெஷின்.

மோட்டாரைத் தனியாகப் படி. அதன் தகட்டில் ஐஎஸ் 325 என்று போட்டு, பக்கத்தில் 1978, 1996 என்று ஏதாவது வருஷம் இருக்கும். அது தர விதி திருத்திய வருஷம், மோட்டார் அதற்குப் பின் செய்தது. "ஹெர்ட்ஸ்" இல்லாமல் "சைக்கிள்ஸ்" என்று இருந்தால் பழைய மோட்டார். லேத்தோடு பிறந்த மோட்டார் என்றால் தாங்குகிற பிளேட்டில் வேறு ஓட்டை எதுவும் போட்டிருக்காது.

காகிதத்தையும் கேள். கிண்டி எஸ்டேட் 1958-லும் அம்பத்தூர் எஸ்டேட் 1964-லும் வந்தவை. அங்கே வந்த முதல் தலைமுறைப் பட்டறைக்காரர்கள் பலர் 1955-ல் தொடங்கிய தேசிய சிறு தொழில் கழகத்தின் தவணைத் திட்டத்தில் மெஷின் எடுத்தார்கள். அந்தத் தவணைக் காகிதமோ பழைய இன்வாய்ஸோ பட்டறை வீட்டுப் பீரோவில் இருந்தால், அதில் மாடல், சீரியல் நம்பர், தேதி மூன்றும் இருக்கும். பெரியவர் இருந்தால் உட்கார்ந்து பேசு. அவசரப்படாதே, மரியாதையாகக் கேள். அந்த மெஷினில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், நீ கேட்காத விஷயத்தையும் சொல்வார்.

எல்லாவற்றையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று ஒரு மாதிரி பார். தகட்டில் மைசூர் கிர்லோஸ்கர், ஹரிஹர், மைசூர் ஸ்டேட். ஸ்பிண்டில் மூக்கு கேம்லாக். லீட் ஸ்க்ரூ நான்கு டிபிஐ. மோட்டாரில் ஐஎஸ் 325, 1978. இதற்கு நீ எழுத வேண்டியது: "1941-க்குப் பிறகு, பெரும்பாலும் 1973-க்கு முன். கேம்லாக் இருப்பதால் போருக்குப் பிந்தையதாக இருக்கலாம். மோட்டார் 1978-க்குப் பிறகு மாற்றியது." ஒற்றை வருஷம் சொல்ல ஆசைப்படாதே. இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷத்துக்குள் என்று எழுதினால் அதை எவரும் எளிதில் மறுக்க முடியாது, விலை பேசும்போது அதுதான் உனக்கு பலம்.

வயது நன்றாக இருந்தாலும் தேய்மானத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலை. சாடிலை டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோய் லாக்கைக் கொஞ்சம் இறுக்கு. லேசாக உரசுகிற அளவு வைத்துக்கொண்டு சக் பக்கம் தள்ளு. சக் அருகே லொடலொடவென்று ஆடினால், அங்கேதான் இத்தனை வருஷம் வேலை நடந்திருக்கிறது, பெட் அங்கே பள்ளம். கேப் பெட் என்றால் கேப் பீஸ் கூடவே இருக்கிறதா, அதிலும் அதே நம்பர் குத்தியிருக்கிறதா என்று பார்.

வாங்கி இறக்கிய பிறகு பெயின்ட் அடிக்கும் அவசரத்தில் தகட்டின் மேலேயே அடித்துவிடாதே. தகட்டைக் கழற்றாமல் மேலே டேப் ஒட்டிவிட்டு அடி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் கிரைண்டரால் உரிக்காதே. நனைத்துச் சுரண்டு, முகத்துக்கு மாஸ்க் போடு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதே.

போகிறபோது டெயில்ஸ்டாக் முனை நம்பர், த்ரெட் சார்ட், சக் கழற்றிய ஸ்பிண்டில் மூக்கு, மோட்டார் தகடு இந்த நான்கையும் கிட்ட வைத்துத் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. லீட் ஸ்க்ரூவில் பன்னிரண்டு மறைக்கு எவ்வளவு வந்தது என்பதையும் எழுது. ராத்திரி எந்நேரம் ஆனாலும் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.